சொடுக்கன் குரங்கும் மூன்று தூக்கங்களும்

நாவற்குட்டைக் கரையில் சொடுக்கன் என்று ஒரு குரங்கு இருந்தான். எதைப் பார்த்தாலும் எடுத்துவிடுவான். எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிய பிறகுதான் அது என்ன என்று பார்ப்பான். இந்தப் பழக்கத்தால் அவனிடம் ஒற்றைச் செருப்பு மூன்றும், மூடியில்லாத தண்ணீர்ப் புட்டி ஒன்றும், யாரோ ஒரு பெரியவருடைய மேல்வரிசைப் பல்செட்டும் சேர்ந்திருந்தன. எதுவும் எதற்கும் உதவவில்லை.

அது சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. குட்டையின் கிழக்குக் கரை போன மழையிலேயே உடைந்துவிட்டது. பெய்ததெல்லாம் அந்த உடைப்பு வழியாகப் பள்ளத்துக்கு ஓடிப்போயிற்று. மிச்சம் இருந்தது நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு தண்ணீர், சுற்றிலும் சேறு. யானை ஒருமுறை தும்பிக்கையை விட்டால் அதுவும் தீர்ந்துவிடும். யானைக்கே அது தெரியும். பாவம், பாதி உறிஞ்சிவிட்டு, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, போய்விடும்.

இந்தச் சமயத்தில்தான் ஜீப்பில் சுகந்தி வந்தாள். கரையை அளக்க வந்த பொறியாளர். நீளமான குச்சிகளை நட்டாள், கயிறு பிடித்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். பிறகு நாவல் மரத்தடிப் பாறையில் உட்கார்ந்து, வெள்ளி நிறத்தில் தட்டையாக இருந்த ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து மதியம் வரை டக் டக் என்று தட்டிக்கொண்டே இருந்தாள்.

பசி வந்தது. பெட்டியை மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

மரத்தின் மேலிருந்து சொடுக்கன் பார்த்தான். வெள்ளி நிறம். தட்டையான மூடி. சாப்பாட்டு நேரம். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒரே தாவு! பெட்டியோடு உச்சிக்கிளை!

ஆவலோடு திறந்தான். உள்ளே பூரி இல்லை. எலுமிச்சம் சாதம் இல்லை. தொட்டுக்கொள்ள ஊறுகாய்கூட இல்லை. வெளிச்சம்தான் இருந்தது. வெளிச்சத்துக்குள் கோடு கோடாகக் குட்டையின் படம் இருந்தது.

"ஏமாத்திட்டாளே!" என்று சொடுக்கன் கொதித்துப்போனான்.

அதற்குள் கீழே ஒரே கூச்சல்.

"முனியப்பண்ணே! லேப்டாப்பைக் காணோம்ணே!"

ஜீப் ஓட்டுநர் முனியப்பன் ஓடி வந்தார். பாறைக்கு முன்னால் தேடினார், பின்னால் தேடினார், ஜீப்புக்கு அடியிலும் தேடினார். மேலே மட்டும் பார்க்கவில்லை. சுகந்தி பாறையில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள்.

"எங்க உடைஞ்சிருக்கு, எவ்வளவு மண்ணு கொட்டணும், எல்லாம் அந்தப் படத்துலதான்ணே இருக்கு! காலையிலேர்ந்து வரைஞ்சேன், இன்னும் சேவ்கூடப் பண்ணலை! வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள படம் போகலைன்னா இந்த வருஷம் இந்தக் குட்டைக்குக் கரை கிடையாதுன்னு சொல்லிட்டாங்கண்ணே!"

"அழாதீங்கம்மா. அஞ்சு மணிக்குக் காட்டு கேட்டைப் பூட்டிடுவாங்க, கிளம்புங்க. நாளைக்கும் நாளன்னைக்கும் ஜீப்புக்கு வேற வேலை இருக்கு. வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் வந்து ஒரு இடம் விடாமத் தேடிடுவோம்."

சொடுக்கன் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கரை இல்லையென்றால் குட்டை இல்லை. குட்டை இல்லையென்றால் யாரும் இல்லை. எல்லாம் இப்போது அவன் மடியில் இருக்கிறது! அப்போதே இறங்கிப்போய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் முனியப்பன் கையில் ஒரு தடி இருந்தது. தடியைப் பார்த்ததும் சொடுக்கனுடைய கால்கள் கிளையைவிட்டு வர மறுத்துவிட்டன. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயேபோய்விட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை.

சொடுக்கன் கீழே இறங்கி, குட்டையோரம் எல்லாரையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னான். கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னான். 'எடுத்தேன்' என்று சொல்லாமல் 'கைக்கு வந்துவிட்டது' என்றான்.

"டேய் திருட்டுப் பயலே!" என்று சேற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வெடித்தது.

பொந்தாயி! அந்தக் குட்டையிலேயே பெரிய தவளை. ஆள் குண்டு, வாய் அதைவிடப் பெரிது. கோடை முற்றினால் சேற்றுக்குள் புதைந்து தூங்கப்போய்விடுவாள், மழை வந்தால்தான் எழுந்து வருவாள். நாளைக்குப் புதைய வேண்டும் என்று நல்ல இடமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நான் நம்பித்தானே உள்ள போறேன்? எழுந்து வர்றப்ப மேல தண்ணி நிக்கணுமா இல்லையா? உடைப்பு உடைப்பாவே இருந்தா நான் எங்கடா போவேன்? என் பிள்ளைங்க எங்கடா முட்டை வைக்கும்? உன் தலையிலயா?"

"கத்தாதே அக்கா! அதான் பத்திரமா வச்சிருக்கேனே!" என்று சொடுக்கன் பெட்டியைத் திறந்து காட்டினான்.

கிளையிலிருந்து ஒரு கிளி எட்டிப்பார்த்தாள். அவள் பெயர் கீரவாணி. டவுனில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையில் ஆறு வருடம் கூண்டில் தொங்கியவள். படிக்கத் தெரியும். எல்லா விஷயமும் பாதி பாதி தெரியும். கடைக்கு வருகிறவர்களைச் 'சார்' 'சார்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, காட்டுக்கு வந்தும் எல்லாரையும் அப்படியே கூப்பிட்டாள்.

"மூலையில நாப்பதுன்னு போட்டிருக்கு சார். அது சார்ஜ் சார். பூஜ்யத்துக்கு வந்துச்சுன்னா பெட்டி செத்துடும். சேவ் பண்ணாத படமும் கூடவே போயிடும் சார்!"

"ஐயோ! என்ன பண்ணலாம்?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்!"

"அதனால என்ன ஆகும்?"

"தெரியாது சார். கடையில எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லுவாங்க."

இது உண்மைதான். போன மாதம் முயலுக்கு வயிற்றுவலி வந்தபோதும் கீரவாணி இதையேதான் சொன்னாள்.

அந்த முயல் இப்போது முன்னால் வந்தான். பெயர் முழியன். "மாப்ளே, எதுக்கு அணைக்கணும்? மூடியைச் சும்மா மூடி வை. அதுபாட்டுக்குக் கண்ணயர்ந்து கிடக்கட்டும். என்னைப் பாரு! கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறேன். ஒரு இலை விழுந்தாப் போதும், எழுந்து எட்டு வயல் தாண்டிடுவேன். தூங்கினா அப்படித் தூங்கணும்!"

"அது ஸ்லீப் சார்!" என்றாள் கீரவாணி. "டீ குடிக்கப் போறவங்க அப்படித்தான் மூடி வச்சுட்டுப் போவாங்க சார்."

சொடுக்கனுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்தது. காரணம், இதில் வேலையே இல்லை. மூடியை மூடினான். வெளிச்சம் போயிற்று. ஓரத்தில் ஒரு பொட்டு விளக்கு மட்டும் மெல்ல மெல்ல மினுங்கியது.

"டீ குடிக்கிற நேரமாடா இது? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்குடா!" என்று பொந்தாயி கத்தினாள். யாரும் காதில் வாங்கவில்லை. அவள் தன் சேற்றைத் தேடிப் போனாள்.

சொடுக்கன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்தான். நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். ஒரு தேன்சிட்டு ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குப் போகிற நேரம் அப்படி இருந்திருப்பான்.

அதற்குள் ஒரு சந்தேகம். இது தூங்குகிறதா?

மூடியைத் திறந்தான். "ஏய், தூங்குறியா?"

பளிச்சென்று வெளிச்சம் வந்தது.

"தூங்கலையே!" என்று பதறி மூடினான். "தூங்கு, தூங்கு!"

கொஞ்ச நேரம் போயிற்று. இப்போது தூங்கியிருக்குமா?

திறந்தான். பளிச்!

"இன்னும் தூங்கலையா நீ? வெள்ளிக்கிழமை வரைக்கும் தூங்கணும்னு சொன்னேனா இல்லையா?"

மூடினான். தட்டிக்கொடுத்தான். தாலாட்டுக்கூடப் பாடினான். பாடி முடித்ததும், பாட்டு வேலை செய்ததா என்று பார்க்கத் திறந்தான். பளிச்!

குரங்குப் புத்தி என்று அதைச் சொல்வதா, தாய்ப்பாசம் என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமை மதியம் வரைக்கும் இதே கதைதான். சில தடவை திறந்ததும் படத்தையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் லயித்துப்போவான். "இதோ நம்ம நாவல் மரம்! இதோ நான் உக்காந்திருக்கிற இடம்! என்னைத்தான் வரையலை!" என்று குறைப்பட்டுக்கொள்வான். வெளிச்சமும் எரிந்துகொண்டே இருக்கும்.

கீரவாணி பறந்து வந்து கிளையில் இறங்கினாள். எட்டிப்பார்த்தாள். சிறகு இரண்டும் விறைத்துவிட்டன.

"பன்னெண்டு! பன்னெண்டு சார்! நாப்பது இருந்ததே சார்! என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலையே! தூங்குதான்னு மட்டும்தானே பார்த்தேன்!"

"எத்தனை தடவை?"

சொடுக்கன் கை விரல்களைப் பார்த்தான். கால் விரல்களைப் பார்த்தான். வாலையும் பார்த்தான். "ரொம்ப இல்ல," என்றான்.

சொடுக்கன் பெட்டியோடு மரத்தடிக்கு இறங்கினான். அங்கே முழியன் தலையில் கைவைத்துக்கொண்டான். "மாப்ளே, என்னையே அரை நாழிகைக்கு ஒருதரம் எழுப்பினா நானே செத்துடுவேனே! நான் சொன்னது ஒரு குட்டித் தூக்கம்டா! அதையும் நீ தூங்கவிடலையே!"

இப்போது எல்லாருக்கும் பயம் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சார்ஜ் இருந்தது பன்னிரண்டு.

"ஷட்டவுன்! ஷட்டவுன்!" என்று கீரவாணி அலறிக்கொண்டே பொத்தான்கள் மேல் குதித்தாள். மூக்கால் இங்கே ஒரு கொத்து, அங்கே ஒரு கொத்து. திரையில் மூன்று சொற்கள் வரிசையாக வந்து நின்றன. அவள் கடைசியைக் கொத்தினாள்.

உடனே ஒரு கட்டம் எழுந்தது.

"என்ன சொல்லுது? என்ன சொல்லுது?"

"சேமிக்காத வேலை இருக்கு, எப்படியும் அணைக்கவான்னு கேக்குது சார்."

"நீ என்ன சொல்லப்போறே?"

"எப்பவும் 'ஆமாம்'தான் சார்! கடையில இதையெல்லாம் யாரு படிச்சா?" என்று கீரவாணி மூக்கை ஓங்கினாள்.

"அடிப்பாவி!" சொடுக்கன் பாய்ந்து அவள் வாலைப் பிடித்து இழுத்தான். இரண்டு இறகு கையோடு வந்துவிட்டது. "அந்தப் பொண்ணு அழுததை நீ பார்க்கலை, நான் பார்த்தேன்! படம் போச்சுன்னா குட்டை போச்சு! சேமிக்கணும்! முதல்ல சேமி!"

அவன் வாழ்க்கையில் முதல்முறையாக யோசித்துப் பேசியது அதுதான். கீரவாணியே அசந்துபோய் வேறோர் இடத்தில் கொத்தினாள். இன்னொரு கட்டம் வந்தது.

"என்ன பெயரில் சேமிக்கன்னு கேக்குது சார்."

வந்தது வினை.

"நாவற்குட்டைன்னு போடு," என்றான் முழியன்.

"என் பேரைப் போடு! கண்டெடுத்தவன் நான்தானே?" என்றான் சொடுக்கன்.

"கண்டெடுத்தியா? திருடினே!"

"சரி, திருடினவன் பேரைப் போடு!"

"படிக்கத் தெரிஞ்சது எனக்கு மட்டும்தான் சார். கீரவாணின்னு போடறதுதான் முறை சார்!"

"எழுத்துக்கூட்டத் தெரியுமாடி உனக்கு?"

தெரியாது. கீரவாணிக்குப் படிக்கத்தான் தெரியும். ஆனாலும் விடவில்லை, ஒரே எழுத்தின் மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டாள். முழியன் அவளைத் தள்ளப் பார்த்தான். சொடுக்கன் முழியனுடைய காதைப் பிடித்தான். திரையில் 'ககககககககக' என்று வரிசை வரிசையாக ஓடியது. பன்னிரண்டு பதினொன்றாயிற்று. பதினொன்று ஒன்பதாயிற்று. ஒன்பது ஏழாயிற்று!

"நிறுத்துங்கடா!"

குட்டையே அதிர்ந்தது. சேற்றுக்குள் பாதி புதைந்திருந்த பொந்தாயி திரும்ப மேலே வந்து, தாவித் தாவி, மரத்தடிக்கு வந்து நின்றாள். உடம்பெல்லாம் சேறு, கண்ணெல்லாம் கோபம்.

"ஒரு நல்ல தூக்கத்துக்குப் போக விடுறீங்களாடா நீங்க? கீழே வை அந்தப் பெட்டியை! கிளி, தூங்கவைக்க அதுல என்னென்ன வார்த்தை இருக்கு? ஒழுங்காப் படி!"

கீரவாணி பயந்துகொண்டே கொத்தி, மூன்று சொற்களையும் மறுபடி வரவழைத்துப் படித்தாள். "முதல்ல ஸ்லீப். கண்ணை மட்டும் மூடிக்கும். சீக்கிரம் எழுந்துக்கும். ஆனா தூங்குறப்பவும் கொஞ்சம் கொஞ்சமாச் சார்ஜ் தின்னும் சார்."

"அது முழியன் தூக்கம். ஆச்சு. கடைசி?"

"ஷட்டவுன். எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, விளக்கை அணைச்சுடும். எழுந்தா ஒண்ணும் ஞாபகம் இருக்காது. எல்லாத்தையும் புதுசாத் தொடங்கணும்."

"நடுவுல?"

"ஹைபர்னேட் சார். கடையில அதை யாருமே கேக்க மாட்டாங்க சார்."

"அவங்க கேக்காட்டிப் போறாங்க, நான் கேக்குறேன்! அது என்ன செய்யும்?"

கீரவாணி கண்ணைச் சுழற்றி யோசித்தாள். கடைக்காரர் என்றைக்கோ ஒருநாள் யாருக்கோ சொன்னதை இழுத்துப் பிடித்துச் சொன்னாள். "திறந்திருக்கிறது எல்லாத்தையும், பாதியில நிக்கிற வேலையையும், அப்படியே வயித்துக்குள்ள எழுதி வச்சுக்கும். அப்புறம் மூச்சே விடாமத் தூங்கும். சார்ஜே வேண்டாம். எழுந்துக்கக் கொஞ்ச நேரமாகும், ஆனா விட்ட இடத்துலேர்ந்து அப்படியே..."

"அது நான்டீ!" என்று பொந்தாயி ஒரு முழம் உயரம் குதித்தாள். "அப்படியே நான்! தின்னதெல்லாம் உள்ள சேர்த்து வச்சுக்கிட்டு, சேற்றுக்குள்ள போய், மாசக்கணக்கா ஒரு வாய் சோறு கேக்காமத் தூங்குறேன். எழுந்தா எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும். யாரு எனக்கு எத்தனை ஈசல் தரணும்கிறது வரைக்கும்! கொத்துடீ அதை!"

"பேரு வைக்கலையே அக்கா?" என்றான் சொடுக்கன்.

"நான் புதையுறப்ப யாராவது வந்து பேரு கேட்டாங்களா? கேள்வியைப் பாரு! கேள்வி பாதியில நின்னா, அதையும் சேர்த்து எழுதி வச்சுக்கும். கொத்து!"

ஏழு ஆறாயிற்று. கீரவாணி கொத்தினாள்.

திரை கறுத்துப்போனது. உள்ளே ஏதோ கரகரவென்றது. ஓரத்து விளக்கு படபடவென்று துடித்தது. பிறகு அதுவும் அணைந்தது. மினுக்கம் இல்லை, சத்தம் இல்லை, சூடுகூட மெல்ல ஆறிப்போயிற்று.

"செத்துப்போச்சு!" என்று சொடுக்கன் கதறினான். மூடியைப் பிடித்துத் திறக்கப் போனான்.

பொந்தாயி அவன் கையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஈரமாக, கனமாக, குளிர்ச்சியாக.

"என்னைத் தோண்டி எடுத்தா நானும் செத்தவ மாதிரிதான்டா கிடப்பேன். பார்க்குறேன் பேர்வழின்னு தோண்டினியோ, அப்பத்தான் நிஜமாச் சாவேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் தொடாதே! புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அக்கா."

"எனக்கு நேரமாச்சு. சேறு காஞ்சா உள்ள போக முடியாது. நான் கிளம்புறேன்." பொந்தாயி சேற்றில் இறங்கி, பின்காலால் தள்ளித் தள்ளி, பின்புறமாகவே உள்ளே போகத் தொடங்கினாள். வயிறு போயிற்று. கழுத்து போயிற்று. தலை மட்டும் வெளியே இருந்தது.

"சொடுக்கா! கடைசியா ஒரு வார்த்தை. இதை மட்டும் மறக்காதே. இனிமே எந்தப் பொருளைப் பார்த்தாலும், கையை நீட்டுறதுக்கு முன்னாடி..."

சேறு மூடிக்கொண்டது.

"முன்னாடி? முன்னாடி என்ன அக்கா? அக்கா!"

 பொந்தாயி தூங்கிவிட்டாள்.

அந்த இரண்டு நாள் சொடுக்கன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். ஒருபக்கம் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. இன்னொருபக்கம் சேற்றைத் தோண்டி, 'முன்னாடி என்ன?' என்று கேட்க வேண்டும் போல இருந்தது. இரண்டுமே கூடாது! கை இரண்டும் அரித்தன. கையைக் கால்களுக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தான். கால் பெட்டியை நோக்கிப் போயிற்று. கடைசியில் முழியனைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்து மூடியின் மேல் உட்கார வைத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் முழியன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினான். சொடுக்கனுடைய விரல் ஒன்று, ஒன்றே ஒன்று, மூடியின் ஓரத்துக்குப் போயிற்று.

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்ளே," என்றான் முழியன்.

விரல் திரும்பி வந்தது. உண்மையில் முழியன் அப்போது கனவில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். அது சொடுக்கனுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டதும் சொடுக்கன் பெட்டியை எடுத்த இடத்திலேயே, பாறையின் மேலேயே, நேராக வைத்தான். மூடியில் ஒட்டியிருந்த முயல் முடியை ஊதினான். மரத்தில் ஏறி இலைகளுக்குள் ஒளிந்துகொண்டான். 

சுகந்தி இறங்கினாள். பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே! இங்கேயே இருக்குண்ணே!"

"அன்னைக்கு இந்தப் பாறையை நாலு தரம் பார்த்தேனேம்மா!" என்றார் முனியப்பன். அவருக்குத் தன் கண் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

சுகந்தி மூடியைத் திறந்தாள். இருட்டு. பொத்தானை அமுக்கினாள். இருட்டு. அவள் முகம் வாடிப்போனது. "சார்ஜ் சுத்தமா இல்லண்ணே. படம் போயிடுச்சு."

மரத்தின் மேலே சொடுக்கன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாப்பது இருந்ததே! நான் தட்டிக்கொடுத்தேனே! தாலாட்டுப் பாடினேனே! எல்லாம் என்னால்தானே!

திரையில் ஒரு சின்ன வெளிச்சம்.

ஒரு வட்டம் வந்தது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எழுந்திருக்கக் கொஞ்ச நேரமாகும் என்று கீரவாணி சொன்னாள் அல்லவா? கொஞ்ச நேரமா அது! சொடுக்கன் அதற்குள் வாலைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிவிட்டான்.

பிறகு, வந்தது! கோடு கோடாகக் குட்டை வந்தது. மேற்குக் கரை வந்தது. கிழக்குக் கரை வந்தது. உடைப்பு இருக்கும் இடத்தில் அவள் செவ்வாய்க்கிழமை பாதியில் விட்ட கோடு, அதே பாதியில் நின்றது.

"இருக்குண்ணே! ஒரு கோடுகூடப் போகலை!" சுகந்தி எழுந்து குதித்தாள். முனியப்பனுக்கும் குதிக்க ஆசைதான், முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஜீப்பிலிருந்து ஒயரை இழுத்துக்கொண்டு ஓடி வந்து பெட்டியில் செருகினார்.

பிறகுதான் சுகந்தி அந்தக் கட்டத்தைக் கவனித்தாள். என்ன பெயரில் சேமிக்க என்ற கேள்வி அப்படியே நின்றது. எதிரே 'ககககககககக' என்று மூன்று வரி. விசைகளுக்கு நடுவே ஒரு பச்சை இறகு.

அவள் மெல்லத் தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தாள். கீரவாணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சொடுக்கன் இலையோடு இலையாக நின்றான். ஆனால் வால் வெளியே தொங்கியது.

சுகந்தி அந்த வாலைப் பார்த்தாள். சிரித்தாள். அந்தக் 'க' எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒழுங்காகப் பெயர் வைத்து, முதலில் சேமித்தாள், பிறகுதான் மீதிக் கோட்டை வரைந்தாள். சாயங்காலத்துக்குள் படம் போய்ச் சேர்ந்துவிட்டது.

வைகாசியில் மண் அள்ளும் இயந்திரம் வந்தது. பதினோரு நாள் உறுமியது. கிழக்குக் கரை எழுந்து நின்றது. ஆனி கடைசியில் வானம் கறுத்து, மூன்று நாள் விடாமல் கொட்டித் தீர்த்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பள்ளத்துக்கு ஓடவில்லை. குட்டை ததும்பி நின்றது. யானை வந்து வயிறு நிறையக் குடித்தது, யார் முகத்தையும் பார்க்காமல்!

கரையைப் பார்வையிடச் சுகந்தி வந்தாள். சாப்பாட்டு நேரம். வெள்ளி நிறத்தில், தட்டையான மூடியோடு, ஒரு பெட்டியைப் பாறையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

சொடுக்கன் பார்த்தான். மோந்து பார்த்தான். பூரி! இந்த முறை சந்தேகமே இல்லை, பூரியேதான்! ஒரே தாவு! பெட்டி கையில்! மரத்துக்கு ஓடினான்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீரோரச் சேறு குமிழ்விட்டது. பிளந்தது. உள்ளிருந்து ஒரு குண்டுத் தலை வெளியே வந்தது. கண்ணைத் திறந்தது. சேற்றைத் துப்பியது. எதிரே ஓடிய சொடுக்கனைப் பார்த்தது.

"...அது யாரோடதுன்னு கேக்கணும்!" என்றாள் பொந்தாயி.

சொடுக்கன் அப்படியே நின்றுவிட்டான். கையில் பெட்டி. பெட்டியில் பூரி. இரண்டு மாதமாக அவன் தேடித் தேடித் தவித்த பாதி வார்த்தை இதோ வந்து முழுசாயிற்று, அதுவும் இந்த நேரம் பார்த்து!

"மறக்கவே இல்லையா அக்கா நீ?"

"எதுக்குடா மறக்கணும்? உள்ள வச்சுட்டுத்தானே தூங்கினேன்? அது இருக்கட்டும், கையில என்ன?"

சொடுக்கன் திரும்பி ஓடினான். பெட்டியைப் பாறையின் மேல் நேராக வைத்தான். கை கழுவிவிட்டு வந்த சுகந்தி எதிரே நின்றாள். அவன் பெட்டியைக் காட்டினான், பிறகு அவளைக் காட்டினான், பிறகு தன் வயிற்றைக் காட்டினான். அவனுக்குத் தெரிந்தவரை, கேட்பது என்றால் அதுதான்.

சுகந்தி சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து அவனுக்கு இரண்டு பூரி கொடுத்தாள். கேட்டு வாங்கிய பூரியை அவன் முதல்முதலாக அன்றுதான் தின்றான். திருடிய எதுவும் அவ்வளவு ருசியாக இருந்ததே இல்லை என்று பிறகு முழியனிடம் சொன்னானாம்.

ஆகவே, சற்று நேரத்துக்கு என்றால் கண்ணை மூடினால் போதும், நாள்கணக்கில் என்றால் உள்ளதை உள்ளபடி சேமித்துவிட்டே உறங்க வேண்டும், சேமிக்காமல் அணைத்தாலும் போயிற்று, தூங்குகிறதா என்று திறந்து திறந்து பார்த்தாலும் போயிற்று.